மெஷினின் நோக்குகூலி

அக்கா,

இன்று காலை ஆபீசில் லேப்டாப்பைத் திறந்ததும் தும்மல் வந்தது. ஒன்றோடு நிற்கவில்லை, அடுக்கடுக்காக வந்தது. பக்கத்து மேஜைக்காரர் ஏ.சி.யைக் குறைத்துவிட்டு, குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். குளிர் இல்லை. கீபோர்டு இடுக்கில் மிளகுத் தூசி. கொச்சி மட்டாஞ்சேரியிலிருந்து கோயம்புத்தூர் வரை என்னோடு பயணம் செய்த தூசி. பிரஷ்ஷால் தட்டினேன். கறுப்பாக உதிர்ந்து மூக்கில் ஏறியது. கூடவே உங்கள் குரலும் ஏறியது. "எஞ்சினீயரே, தும்மறதுக்குத் தனியா கூலி இல்ல, கேட்டோ."

நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். உங்களுக்குத் தமிழ் பேசத் தெரியும், அதைவிட நன்றாகத் திட்டத் தெரியும். வாசிக்க மட்டும் எழுத்துக் கூட்ட வேண்டும். மலையாளப் பேப்பரை ஒரு சாயா ஆறுவதற்குள் முடித்துவிடுவீர்கள். நான் கொண்டுவந்த தமிழ் நோட்டீஸில் ஒரு பத்தியைத் தாண்ட அரை மணி நேரம் எடுத்தீர்கள். ஆகவே நீங்கள் இருந்திருந்தாலும் இந்த மடலை நான்தான் வாசித்துக் காட்ட வேண்டியிருந்திருக்கும். நடுவில் நிறுத்தி "சுருக்கிப் பறைடா" என்றிருப்பீர்கள்.

நம் பழக்கம் தொடங்கியதே நான் ஒரு வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்டதில்தான். கொச்சிக்கு வேலையாக வந்த முதல் வாரம். நீங்கள் மிளகு பொறுக்கிக்கொண்டிருந்த கிட்டங்கிக்கு நிறம் பார்த்துத் தரம் பிரிக்கும் எங்கள் கம்பெனியின் கலர் சார்ட்டர் மெஷின் லாரியில் வந்து இறங்குகிறது. இறக்குவதற்கு வெளியிலிருந்து கிரேன் வண்டி பேசியிருந்தேன். தெருவில் நீலச் சட்டை போட்ட, சுமை தூக்கும் சுமட்டுத் தொழிலாளிகள் கை கட்டி நின்றார்கள். அதில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "பண்டு ஆயிருந்தா இதுக்கு நோக்குகூலி உண்டு."

என் காது கோயம்புத்தூர்க் காது. நோக்கு என்றால் பார்வை, பார்வையிடுவதற்குக் கூலி என்றால் அது எனக்குத்தானே வரவேண்டும் என்று எடுத்துக்கொண்டேன். பெரிய மனிதத் தோரணையில் சொன்னேன். "அதுக்கெல்லாம் நீங்க கவலப்பட வேண்டாமுங்க. எனக்கு எங்க கம்பெனியே குடுத்துருமுங்க."

தெருவில் எழுந்த சிரிப்பில் கிரேன் டிரைவர்கூட வண்டியை நிறுத்திவிட்டார். நைட்டிக்கு மேல் போட்டிருந்த தோர்த்துத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளேயிருந்து நீங்கள் வந்தீர்கள்.

"தம்பி, எந்த ஊரு?"

"கோயமுத்தூருங்க."

"அதான். நோக்குகூலின்னா, சாமானைக் கிரேன் இறக்கினாலும் வேற ஆளு இறக்கினாலும், இங்க வெறுதே நோக்கி நிக்கறவன் வாங்கற கூலி. இப்ப சட்டம் போட்டு நிறுத்தியாச்சு. அந்த மனுஷன் பழசை நினைச்சு ஏங்கறான். நீ என்னடான்னா அது எனக்கு வேற எடத்துல கிட்டும்கற."

அன்று முதல் அந்தத் தெருவில் எனக்கு நோக்குகூலிக்காரன் என்று பெயர். எனக்குக் கோபம். பேருக்காக இல்லை, விஷயத்துக்காக. சும்மா நின்று பார்ப்பதற்குக் காசு கேட்பது பிடுங்குவதுதான் என்று உங்களிடமே வெடித்தேன். நீங்கள் தகராறு செய்யவில்லை. "பிடுங்கறதுதான்" என்று ஒத்துக்கொண்டீர்கள். "ஆனா பாரு, பொம்பளைங்களுக்கு அதுகூட யாரும் தந்ததில்ல."

உங்கள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து முனிசிபாலிட்டி வேலைக்காக வந்தவர் என்றும், நீங்கள் பிறந்தது வளர்ந்தது எல்லாம் மட்டாஞ்சேரி என்றும் பிறகு சொன்னீர்கள். அதனால்தானோ என்னவோ, இரண்டு மொழிக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, ஒரு வார்த்தையை ஒரு பக்கத்திலிருந்து எடுத்து மறுபக்கம் திருப்பிப் பார்ப்பது உங்களுக்குப் பழக்கமாக இருந்தது.

மெஷினை ஓட்டிக் காட்டிய நாள். நீங்கள் பதினாலு பெண்கள் முறங்களைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றி நின்றீர்கள். மேலே கொட்டிய மிளகு சரிந்து விழுந்தது. டப் டப்பென்று காற்றடிக்கும் சத்தம். ஒரு பக்கம் கறுகறுவென்று நல்ல மிளகு, இன்னொரு பக்கம் காம்பும் கல்லும் வெளுத்ததும். நீங்கள்தான் கிட்டே வந்தீர்கள்.

"இது என்ன செய்யுது உள்ள?"

"பாக்குதுங்க அக்கா. விழுகற ஒவ்வொரு மிளகையும் கேமரா பாக்கும். சரியில்லாதது வந்தா காத்தடிச்சுத் தள்ளிரும்."

"நாங்களும் அதான செஞ்சோம். நோக்கினோம், தள்ளினோம்." கழிவு விழும் பக்கத்திலிருந்து ஒரு கை அள்ளிப் பார்த்தீர்கள். ஒரு நல்ல மிளகுகூட அதில் இல்லை. "சும்மா சொல்லக் கூடாது. எங்களைவிட நல்லாத்தான் நோக்குது."

உங்களில் மூத்தவரான மேரி சேச்சி உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொறுக்கிப் பொறுக்கிக் கண் மங்கியவர். "எனக்கு இருந்த கண்ணை இந்த மிளகு தின்னுட்டுப் போச்சு. இந்த மெஷினுக்காவது நல்ல கண்ணு இருக்கட்டும்" என்றார்.

அப்போதுதான் கேட்டீர்கள். "எஞ்சினீயரே, இது இவ்வளவு நோக்குதே. இதோட நோக்குகூலி யாருக்குக் கிட்டும்?"

நான் சிரித்தேன். என்னை மறுபடி கேலி செய்கிறீர்கள் என்று நினைத்தேன். உங்கள் முகத்தில் சிரிப்பு இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் ஒரே மாதத்தில் தெரிந்துவிட்டது. முதலாளி நான்கு பெண்களை மெஷினோடு வைத்துக்கொண்டார், அவர்களுக்குக் கூலியும் கொஞ்சம் கூட்டினார். மற்றவர்களுக்கு ஓணத்துக்குக் கொடுப்பதுபோல ஒரு சேலையும் கவரும் கொடுத்து அனுப்பினார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் உங்களுக்குச் சண்டை போடச் சுலபமாக இருந்திருக்கும். கிட்டங்கியில் இருமடங்கு மிளகு ஓடியது. சில்லறைச் சேதம் நின்றது. அதிலிருந்து வந்தது எல்லாம் ஒரே கைக்குப் போனது, அவ்வளவுதான். யாரும் எதையும் திருடவில்லை. பத்து வீட்டுக்குப் பிரிந்து போய்க்கொண்டிருந்த வருமானம் ஒரு வீட்டுக்குத் திரும்பியது. நாங்கள் படித்த படிப்பில் ஒரு வேலையை எப்படி வேகமாகச் செய்வது என்பதற்குப் புத்தகம் புத்தகமாக உண்டு. வேகத்தால் வந்த காசு எந்தப் பக்கம் ஓடும் என்பதற்கு அரைப் பக்கம்கூட இல்லை.

நான் வருத்தப்பட்டு ஒன்றும் எழுதவில்லை. மெஷின் வந்தது சரி என்றுதான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் வேலையைக் காப்பாற்றி என்ன செய்வது? உங்களுக்கும் அதில் சண்டை இல்லை. நமக்குள் சண்டை வந்தது அதற்கு அப்புறம் என்ன என்பதில்தான்.

சாயாக்கடைப் பேச்சு நினைவிருக்கிறது. சர்வீஸுக்கு வந்தவன் உங்களைப் பார்த்ததும் உட்கார்ந்தேன். நீங்கள் பழம்பொரியைப் பிய்த்துக்கொண்டிருந்தீர்கள். வேலை இல்லாமல் இரண்டாவது மாதம். நான் என் கடமையைச் செய்தேன்.

"ஏங்க்கா, வேற ஏதாச்சும் கத்துக்கலாமுங்களே. இலவசமாவே டிரெய்னிங் குடுக்கறாங்க."

"என்ன டிரெய்னிங்?"

"கம்ப்யூட்டருங்க. டேட்டா என்ட்ரி மாதிரி."

"அதை நாளைக்கு மெஷின் செய்யாதா?"

யோசித்தேன். பொய் சொல்ல வரவில்லை. "செய்யுமுங்க."

"பின்னே? நான் அதைக் கத்துக்கிட்டு அங்க போய் நிக்கணும், அடுத்த மெஷினை இறக்கறதை நோக்கறதுக்கு. அல்லே?"

கடைக்காரச் சேட்டன் சாயா ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் விடவில்லை. "உனக்கு யார் சம்பளம் தர்றா? மெஷினை வித்தாச்சே, இன்னும் எதுக்கு வர்ற?"

ஏ.எம்.சி. பற்றி விளக்கினேன். வருடத்துக்கு இவ்வளவு என்று முதலாளி எங்கள் கம்பெனிக்குக் கட்டுவார், மெஷினுக்கு எது வந்தாலும் நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்றேன்.

"ஒண்ணும் கேடாகலேன்னா?"

"அப்பவும் கட்டணுமுங்க. நான் மாசாமாசம் வந்துருவேன்."

"வந்து?"

"பாப்பேன்."

சொல்லி முடிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் கிளாஸைக் கீழே வைத்தீர்கள். "சேட்டா, கேட்டீங்களா? இவன் வந்து நோக்குவானாம். அதுக்குக் காசாம். இங்கிலீஷுல இதுக்கு ஏ.எம்.சி.ன்னு பேராம்."

சேட்டன் சிரித்த சிரிப்பில் என் சாயாவில் பாதி மேஜையில். நான் விளக்க முயன்றேன்: திறமை, பொறுப்பு, உதிரிபாகம். நீங்கள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னீர்கள். "நீ வாங்கறது தப்புன்னு நான் பறயலடா. நீ வாங்கற, உன் கம்பெனி வாங்குது, முதலாளி வாங்கறார். மெஷின் நோக்கறதுக்கு எல்லாருக்கும் கூலி இருக்கு. எங்களுக்கு மட்டும் சேலை."

எனக்கு ரோஷம் வந்தது. பேச்சை முடிக்கவேண்டும் என்றே கேட்டேன். "சரி, நீங்க என்னதான் வேணும்கறீங்க?"

"எங்க தெருவுல மாவு மில்லு இருக்கு. எல்லாரும் அரிசி கொண்டுபோறோம். அரைச்சுத் தர்றான், கூலி வாங்கறான். உரலும் உலக்கையும் போச்சேன்னு நான் அழுதேனா? அந்த மில்லு என்னோடதா இருந்திருந்தா இன்னும் சந்தோஷமா இருந்திருப்பேன்."

நான் அடுக்கினேன். மூன்று பேஸ் கரண்ட் வேண்டும், கம்ப்ரசர் வேண்டும், காற்றை உலர்த்த வேறொரு மெஷின் வேண்டும், கொச்சி ஈரத்தில் அது இல்லாமல் நடக்காது, புது மெஷின் விலை உங்களுக்குக் கனவிலும் ஆகாது. கடைசியாக ஒன்றைச் சேர்த்தேன், அதோடு நீங்கள் வாயை மூடிவிடுவீர்கள் என்று. "பாலக்காட்டு ரைஸ் மில்லுல இருந்து எக்ஸ்சேஞ்சுல வந்த பழசு ஒண்ணு எங்க ஷெட்டுல கெடக்குது. கேமரா போயிருச்சு. அதை நம்பி யாரும் எறங்க மாட்டாங்க."

"எவ்வளவு சொல்றாங்க அதுக்கு?" என்றீர்கள்.

நான் பேச்சை மூடக் கொண்டுவந்த கதவை நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். அடுத்த வாரமே அதைப் பார்க்கப் போவதாக ஏற்பாடு. கிளம்ப வேண்டிய காலையில் போன் செய்து, "இன்னிக்கு வரமுடியாதுடா, பனி" என்றீர்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. "மட்டாஞ்சேரியில ஏதுங்க அக்கா பனி? வர இஷ்டமில்லேன்னா சொல்லிருங்க" என்று எரிந்து விழுந்தேன். அந்தப் பக்கம் இருமலோடு சிரிப்பு. "எடா, காய்ச்சல்டா. எங்க ஊருல அதுக்குப் பேரு பனி. உனக்கு முதல்ல ஒரு டிரெய்னிங் தரணும்."

காய்ச்சல் விட்டதும் போனோம். பார்த்துவிட்டு வந்து உங்கள் அயல்கூட்டத்தை, அதாவது தெருப் பெண்களின் சேமிப்புக் குழுவை, கூட்டினீர்கள். வேலை போன பத்துப் பேரும் அதில் இருந்தார்கள். வருஷக்கணக்காகச் சேர்த்த சேமிப்பு அதில் இருந்தது, அதைக் காட்டினால் பாங்கில் கடன் கிடைக்கும். மாடி அறையில் எல்லாரும் தரையில், எனக்கு மட்டும் ஸ்டூல். மெஷினைப் பற்றி நான் பேசி முடித்ததும் செல்வி எழுந்தார். உங்களில் இளையவர், மகளை நர்சிங் படிக்க வைத்துக்கொண்டிருந்தவர்.

"நம்ம வேலையத் தின்னது மெஷினு. அதுக்கு நம்ம காசுலயே சோறு போடணுமா? நாளைக்கு இது நின்னுபோனா என் பொண்ணு ஃபீஸுக்கு யாருகிட்டப் போய் நிக்கறது?"

அறையில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தது அதுதான். நான் ஏதோ உத்தரவாதம் கொடுக்க வாயெடுத்தேன். நீங்கள் கையைக் காட்டி நிறுத்தினீர்கள்.

"நின்னுபோனா செல்வி பொண்ணு படிப்பு நின்னுபோகும். அதை மறைச்சு வைக்க வேண்டாம். எல்லாரும் அதை நினைச்சுட்டே கை தூக்குங்க. ஒண்ணு மட்டும் பறயறேன். அந்த மெஷினுக்கு முதலாளி யாருன்னு தெரியாது. யார் ஸ்விட்ச் போட்டாலும் ஓடும். நம்மகிட்ட இல்லாதது ஸ்விட்ச் மட்டும்தான்."

கைகள் ஒவ்வொன்றாகத்தான் உயர்ந்தன. செல்வியின் கை கடைசியில் வந்தது, அதுவும் காது வரைக்கும்தான். அவர் பயந்தது நியாயம். நான் உள்ளுக்குள் அவர் பக்கம்தான் இருந்தேன் என்பது உங்களுக்குத் தெரிந்தே இருக்கும்.

பழைய கயிறு கிட்டங்கி ஒன்றை வாடகைக்குப் பிடித்தீர்கள். கேமரா மாற்றி, சல்லடை மாற்றி, என் இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்று அது ஓட ஆரம்பித்தது. இறக்கிவைக்க அதே நீலச் சட்டைக்காரர்களைத்தான் கூப்பிட்டீர்கள். கிரேன் வேண்டாம் என்றீர்கள். இறக்கியதற்கு உரிய கூலியைக் கொடுத்தீர்கள். முதல் மழைக்காலம் மோசமாகப் போனது. கம்ப்ரசர் இரண்டு முறை படுத்தது, வங்கித் தவணை ஒருமுறை தள்ளிப்போனது, செல்வி என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். பிறகு சின்ன வியாபாரிகள் வந்தார்கள். இரண்டு மூட்டை, மூன்று மூட்டையோடு இடுக்கிப் பக்கத்திலிருந்து வருபவர்கள். சொந்த மெஷின் அவர்களுக்கும் எட்டாது, தரம் பிரிக்காத மிளகுக்கு விலையும் கிடைக்காது. அவர்களுக்கு மாவு மில் வேண்டியிருந்தது. மழை விட்டபோது வாசலில் மூட்டைகள் வரிசையில் நின்றன.

காசு வர ஆரம்பித்ததும் உண்மையான சண்டை வந்தது. மெஷினுக்கு ஒரு நேரத்தில் மூன்று பேர் போதும். பத்துப் பேர் முறை வைத்து வந்தாலும் எல்லாருக்கும் நாள் வராது. மேரி சேச்சிக்குக் கண் சரியாகத் தெரியாது, அவரை மெஷின் பக்கம் விடவும் முடியாது. நீங்கள் ஒரு ஏற்பாடு சொன்னீர்கள். வேலைக்கு வந்தவளுக்கு வந்த நாளுக்கான கூலி. அதுபோக மிச்சத்தில் கடனைக் கட்டி, பழுதுக்கு ஒதுக்கி, மீதியைப் பத்துப் பேருக்கும் சமமாகப் பிரிப்பது, வந்தாலும் வராவிட்டாலும். அதற்கு நீங்கள் வைத்த பேரைக் கேட்டதும் நான் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன். நோக்குகூலி.

"அக்கா, இது நியாயமில்லீங்க. இதைத்தான சட்டம் போட்டு நிறுத்துனாங்க. பிடுங்கறதுன்னு நீங்களே சொன்னீங்க."

"அது அடுத்தவன் பையிலிருந்து பிடுங்கறது. இது நம்ம மெஷின். நம்ம மெஷின் நோக்குது. அதோட கூலி நமக்கு. ஓட்டறவளுக்கு ஓட்டற கூலி தனியா இருக்கு, அதுல நான் கை வைக்கல."

"அப்ப எல்லாரும் வீட்டுல காலை நீட்டி உக்காந்துட்டா?" என்றார் செல்வி.

"உக்காரட்டும். ஓட்ட ஆளில்லாத அன்னிக்கு நோக்குகூலியும் இல்ல. அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்." அப்புறம் குரலைத் தாழ்த்தினீர்கள். "மேரி சேச்சி கண்ணு எங்க போச்சு செல்வி? அவ சொந்த மிளகுலயா போச்சு?"

ஆறு மாதம் நடத்திப் பார்ப்பது, பிறகு மறுபடி பேசுவது என்று முடிந்தது. செல்வியும் நானும் ஒத்துக்கொள்ளாதவர்கள் பட்டியலில். முதல் பங்கு கொடுத்த நாளில் மேரி சேச்சி கவரைக் கண்ணுக்கு ஒட்டப் பிடித்துக்கொண்டு கேட்டார். "இது எந்தாடி?"

"நோக்குகூலி, சேச்சி" என்றீர்கள்.

"நான் ஒண்ணும் நோக்கலையே."

"உனக்குப் பதிலா அது நோக்கிச்சு."

மேரி சேச்சி சிரித்த சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். நான் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கணக்கு சரியா என்று என் மூளை கேட்டுக்கொண்டே இருந்தது. தப்பு எங்கே என்று அதனால் சொல்ல முடியவில்லை.

ஆடி மழையில் உங்களுக்கு நெஞ்சுவலி வந்தபோது நான் கட்டப்பனையில் ஒரு ஏலக்காய் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். போனில் செல்விதான் சொன்னார். மலையிறங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உங்கள் மெஷின் ஷெட்டுக்குப் போனேன், வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. மெஷினை நிறுத்தியிருந்தார்கள். அத்தனை நிசப்தமாக அந்த இடத்தை நான் பார்த்ததில்லை.

ஆறு மாதக் கெடு முடிந்து கூட்டம் போட்டபோது நீங்கள் இல்லை. தலைவியாகச் செல்வியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நோக்குகூலி இன்றோடு போச்சு என்று நினைத்துக்கொண்டுதான் நான் மாடிப்படி ஏறினேன். செல்வி எழுந்து சுற்றி வளைக்காமல் பேசினார்.

"எனக்கு இப்பவும் இது சரியாப் படல. அக்கா இருந்தப்ப சண்டை போட்டேன். இப்ப சண்டை போட ஆளில்ல. ஆளில்லாதப்ப நிறுத்தினா அது நான் ஜெயிச்சதா ஆகாது. இன்னொரு வருஷம் நடக்கட்டும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் சேர்த்தார். "என் பொண்ணு அட்மிஷனுக்கு நான் ஒரு மாசம் வேலைக்கு வரல. அந்த மாசம் எங்க வீட்டுல அடுப்பெரிஞ்சது அந்தக் கவருலதான். அதையும் சொல்லாம இருந்தா அக்கா என்னைச் சும்மா விடமாட்டா."

அடுத்து உங்கள் பங்கு. உங்கள் வீட்டுக்காரர் சரக்கு ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு வந்து, அவள் போட்ட பணம் மட்டும் போதும், மாசாமாசம் வருவது உயிரோடு இருக்கிற ஒரு பெண்ணுக்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் பழைய முதலாளி இன்னும் பெரிய மெஷின் வாங்கியிருந்தார். அவர் வைத்துக்கொண்ட நான்கு பெண்களில் ஒருத்தி வேலை போய் வெளியே வந்திருந்தாள். உங்கள் இடத்தில் அவளைச் சேர்த்தார்கள். முதல் நாள் அவள் வாசலில் தயங்கி நிற்க, மேரி சேச்சி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "வாடி. இங்க நோக்கறதுக்குக் கண்ணு வேண்டாம்."

பெரிதாக்கிச் சொல்லமாட்டேன். இது ஒரு சந்தில் ஒரு ஷெட். மற்ற கிட்டங்கிகளில் மெஷின்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன, பெண்கள் சேலையும் கவருமாக வீட்டுக்குப் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள். ஏலூர் ஃபேக்டரிகள் பக்கம் சர்வீஸுக்குப் போனால், ஷிஃப்ட் மாறும்போது வாசலில் வரும் கூட்டம் முன்பைவிடக் குறைவு என்று டீக்கடைக்காரர் புலம்புகிறார். எங்கள் ஆபீசிலேயே டிராயிங் போடும் பிரிவில் பாதி நாற்காலிகள் காலி. அடுத்தது நாங்கள். புது மெஷின்கள் தங்கள் கோளாறைத் தாங்களே கண்டுபிடித்து கம்பெனிக்குச் சொல்லிவிடும். நான் மாசாமாசம் போய் நோக்க வேண்டியதில்லை. உங்களுக்கு இதைக் கேட்கப் பிடித்திருக்கும்.

ஆனால் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை, அக்கா. போன மாதக் கூட்டத்தில் மேனேஜர் அந்தக் கோளாறு கண்டுபிடிக்கும் சாப்ட்வேரால் எவ்வளவு மிச்சமாகும் என்று படம் போட்டுக் காட்டினார். நான் எழுந்து, அந்த மிச்சத்தில் எங்களுக்கு எவ்வளவு என்று கேட்டேன். அவர் தண்ணீர் குடித்தார். அடுத்த படத்துக்குப் போனார். ஆனால் எனக்கு முன் வரிசையில் இருந்த மூன்று பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மத்தியானம் சாப்பிடும்போது அந்த மூன்று பேரும் என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார்கள். இப்போது நாங்கள் எட்டுப் பேர். என்ன கேட்பது என்பதில் எட்டுப் பேருக்கும் எட்டு அபிப்பிராயம். அது நல்லது என்று உங்களிடம்தான் கற்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை இடக்கொச்சிக்குப் போயிருந்தேன். செம்மீன், அதாவது எங்கள் ஊர் இறால், உரிக்கும் பெண்கள் கூப்பிட்டிருந்தார்கள். அவர்கள் வேலை செய்யும் ஷெட்டுக்கு உரிக்கும் மெஷின் வரப்போகிறதாம். அதற்கு முன்னால் மெஷின் தெரிந்த ஒருவன் வந்து பேசவேண்டுமாம். சாயங்காலம் வைட்டிலாவில் கோயம்புத்தூர் பஸ். சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று மளமளவென்று சொல்லி முடித்தேன். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். வேலை போய்விடுமா என்றுதான் கேட்பார்கள் என்று பதிலோடு தயாராக இருந்தேன்.

முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் கேட்டார். "மெஷினோட நோக்குகூலியை எப்படிப் பிரிக்கிறது?"

அவர்களில் ஒருவருக்கும் உங்களைத் தெரியாது. விசாரித்தேன். யாரோ ஒருத்தியின் நாத்தனார் மட்டாஞ்சேரியில் கேள்விப்பட்டுச் சொன்னாளாம். அந்த வார்த்தை உங்கள் பேரைக்கூடத் தூக்கிக்கொள்ளாமல் தனியாகவே பஸ் ஏறி இடக்கொச்சி வந்து சேர்ந்திருக்கிறது. அவர்கள் அதைச் சொன்ன விதத்தில் கேலியும் இல்லை, வெட்கமும் இல்லை. கூலி, போனஸ் என்பதுபோல ஒரு சொல்.

பிறகு சண்டை ஆரம்பித்தது. மலையாளத்தில்தான் போட்டார்கள். எனக்கு இப்போதெல்லாம் அது தமிழ்போலவே கேட்கிறது. எல்லாருக்கும் சமம் என்றார் ஒருவர். வருஷக்கணக்கில் இருந்தவளும் நேற்று வந்தவளும் சமமா என்றார் இன்னொருவர். ஐஸில் விரல் புண்ணாகிப் போனவளுக்குக் கூடுதலாக வேண்டும் என்று ஒருத்தி கையை விரித்துக் காட்டினாள். நெட்டையான ஒரு பெண் எழுந்து, "முதல்ல மெஷின் வரட்டும். அப்புறம் சண்டை போடலாம்" என்றார்.

"மெஷின் வந்தப்புறம் சண்டை போட்டா முதலாளிதான் ஜெயிப்பார். இப்பவே போடணும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

வைட்டிலாவில் பஸ் கிளம்பியிருக்கும். நான் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.